நெஞ்சு இறுக்கத்தோடு வந்த அம்மாவைக் காக்க வைத்தது ஏன்?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு (வயது 64, சர்க்கரை நோய் உண்டு) ஓர் இரவு நெஞ்சு இறுக்கம் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள், ஆங்கிலம் தெரியாத அம்மாவை நர்ஸ் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிவிட்டார். இசிஜி எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. எங்களுக்குப் பிறகு வந்த வெள்ளையர்கள் சிலர் முதலில் உள்ளே போனார்கள். இது இனப் பாகுபாடா? இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: காரணம் எதுவாக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் தவறு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்து மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல்.

ஆனால் பின்னால் வந்தவர் முன்னால் போனார் என்பது மட்டும் பாகுபாட்டுக்குச் சான்றாகாது. அங்கே வரிசை வந்த நேரத்தைப் பொறுத்தது அல்ல. டிரையாஜ் நர்ஸ் (யாருக்கு அவசரம் அதிகம் என்று தரம் பிரிப்பவர்) சில நிமிடங்கள் பார்த்துவிட்டு 1 முதல் 5 வரை ஓர் எண் தருகிறார். 1 என்றால் உயிர் போகும் நிலை. 5 என்றால் அவசரமே இல்லை. 1 பெரும்பாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2-ஆ 3-ஆ என்பதில்தான் சிக்கல். ‘இவருக்கு ஆபத்து இருக்கலாம், காத்திருக்க வைக்கக்கூடாது’ என்று நர்ஸின் மனதுக்குப் பட்டால் 2, படாவிட்டால் 3. 3 கிடைத்தவர் கூட்டமான இரவில் மணிக்கணக்கில் உட்கார நேரிடும். நோயாளியின் நிறமும் மொழியும் வலியைச் சொல்லும் விதமும் முடிவுக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் நர்ஸ் அறியாமலே அது நடக்கிறது.

இதற்குச் சான்றுகள் உண்டு. வடக்கு கலிபோர்னியாவின் 21 அவசரப் பிரிவுகளில் நிகழ்ந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தவறான எண் தரப்பட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தேவைக்கு அதிகமான அவசரம் காட்டியவை. அவசரத்தைக் குறைத்து மதிப்பிட்டவை 3.3 சதவீதம், அந்த ஆபத்து கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக இருந்தது. வலி நிவாரணத்திலும் இதே கதைதான். 1993-இல் வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், கை கால் எலும்பு முறிந்து வந்த ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) நோயாளிகளில் 55 சதவீதத்தினருக்கு வலிமருந்தே தரப்படவில்லை. வெள்ளையர்களில் அது 26 சதவீதம்.

கருவியும் ஏமாற்றலாம் என்பது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. டிரையாஜில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கருத்த தோலில் ஆக்ஸிஜன் அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்த நிலை கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம் என்று 2020-இல் மிச்சிகன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நம்மில் கருத்த தோல் உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால், கருவி 95 காட்டுகிறதே என்று விட்டுவிடக்கூடாது.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் நிறத்தைவிட மொழியே பெரிய தடையாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். சர்க்கரை நோயுள்ள வயதான பெண்களுக்கு மாரடைப்பு கடும் வலியாக வரவேண்டும் என்பதில்லை; மூச்சிரைப்பாக, வியர்வையாக, மேல்வயிற்று எரிச்சலாக, வெறும் அசதியாக வரலாம். அதைக் கேட்டு அறியாமல் சரியான எண் தர முடியாது. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவமனை, இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது சட்டம். தொலைபேசியிலோ வீடியோவிலோ தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ‘மகன்தான் இருக்கிறாரே’ என்று உங்களை மொழிபெயர்க்கக் கட்டாயப்படுத்தக் கூடாது.

அடுத்த முறை நீங்களே காரில் அழைத்துப் போகாமல் 911-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸிலேயே இசிஜி எடுத்துவிடுவார்கள். மருத்துவமனையில் வாயு, அசிடிட்டி என்று உங்கள் முடிவைச் சொல்லாதீர்கள். “64 வயது, சர்க்கரை நோய், ஏழு மணியிலிருந்து நெஞ்சு இறுக்கம், வியர்வை” என்று சொல்லி, இசிஜி எப்போது என்று கேளுங்கள். தெற்காசிய வம்சாவளி என்பதே இதயநோய் ஆபத்தைக் கூட்டும் காரணி என்று 2018-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. தயங்காமல் அதையும் சொல்லலாம். காத்திருக்கும்போது நிலை மோசமானால் நர்ஸிடம் போய், “அறிகுறி மாறியிருக்கிறது, மறுபடி பாருங்கள்” என்று கேளுங்கள். எண்ணை மாற்ற அவர்களால் முடியும். பலனில்லை என்றால் பொறுப்பு நர்ஸை அழைக்கச் சொல்லுங்கள். எரிச்சலில் வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பணமோ காப்பீடோ இல்லாதவரையும் பரிசோதிக்காமல் அனுப்பக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சுற்றுலா விசாவில் வந்த அம்மாவுக்கும் அது பொருந்தும்.

நடந்தது பாகுபாடா என்று அறிய, அம்மாவின் கையொப்பத்தோடு மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வந்த நேரம், தரப்பட்ட எண், இசிஜி எடுத்த நேரம், மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்களா என்பவற்றை அதில் தேடுங்கள். நெஞ்சு இறுக்கம் என்று எழுதிவிட்டு 3 தந்திருந்தால், அல்லது அந்தப் புகாரே எழுதப்படாமல் இருந்தால், மருத்துவமனையின் நோயாளி குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சுகாதாரத் துறையில் உள்ள குடிமை உரிமைகள் அலுவலகத்திலும் (Office for Civil Rights) புகார் செய்யலாம். சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.