கூடுதல் சென்ட்ரோசோம் செல்லைக் கொல்லாமல் புற்றுநோய்க்கு வழிவிடுவது எப்படி?

செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளுக்கு முனையாக நிற்பது சென்ட்ரோசோம். அது இரண்டுக்கு மேல் இருந்தால் செல் பல முனைகளாகப் பிரியக்கூடும். அப்படிப் பிரியும் செல் பெரும்பாலும் மடிந்துவிடும், பிறகு புற்றுநோய் எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். மடிந்துவிடும் என்று நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் புற்றுநோய்ச் செல்கள் பல, கூடுதல் சென்ட்ரோசோம்களை இரண்டே முனைகளில் கொத்தாகச் சேர்த்துக்கொண்டு பிழைத்துவிடுகின்றன.

கேடு அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. அந்த இழைகளாலான கதிர்கோல் சற்று நேரம் பல முனைகளோடு நிற்கையில், ஒரே கைனெட்டோகோரை (குரோமோசோமில் இழைகள் பற்றும் இடம்) இரு வேறு முனைகளின் இழைகள் பற்றிக்கொள்வதால், அந்தக் குரோமோசோம், மற்றவை முனைகளை நோக்கிப் பிரிந்து செல்லும் அனாஃபேஸ் கட்டத்தில் நடுவே பின்தங்கி, தவறான சேய்ச்செல்லுக்குப் போய்ச் சேரக்கூடும். குரோமோசோம்களின் தவறான பங்கீடே புற்றுக்கு வேராகலாம் என்று ஜெர்மன் உயிரியலாளர் தியோடார் போவெரி 1914-லேயே எழுதினார். கடல் முள்ளெலி முட்டைகளைப் பார்த்தே அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்பது இன்றும் வியக்க வைக்கிறது.

தர்மபுரிக் கல்லூரி ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கிப் பார்த்தும் சென்ட்ரோசோம் தெரியவில்லை என்கிறீர்கள். உங்கள் சாயத்தில் குறையிருக்க வாய்ப்பில்லை, வெங்காயச் செல்லில் சென்ட்ரோசோமே கிடையாது. வெள்ளைமீன் கருக்கோளத்தின் (பிளாஸ்டுலா எனும் தொடக்ககாலக் கரு) நிரந்தர ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரு முனைகளிலும் இழைகள் நட்சத்திரம்போல் விரிந்திருப்பது தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கூடுதல் சென்ட்ரோசோம் இருப்பதாலேயே அது புற்றுநோய் ஆகிவிடாது. நலமான கல்லீரல் செல்களிலும் அது உண்டு. பெரும்பாலான செல்களில் பி53 புரதம் அத்தகைய செல்லின் வளர்ச்சியை நிறுத்திவிடும்.