கல்லூரி இணையத்தளத்தின் மெனுவை ‘மாணவர்’, ‘பெற்றோர்’, ‘ஊழியர்’ எனப் பிரித்தால் போதுமா?

கல்லூரித் தளத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. பயன்படுத்துவோரின் தேவைக்கேற்ப மெனு இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. ஆகவே ‘மாணவர்களுக்கு’, ‘பெற்றோருக்கு’, ‘ஊழியர்களுக்கு’, ‘பழைய மாணவர்களுக்கு’ என்று நான்கு பிரிவுகள் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதே நான்கு பிரிவுகளை நானும் வைத்தேன். வைத்த பிறகு என்ன நடந்தது என்பதை எழுதினால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் வடிவமைப்பை முறையாகப் படித்தவன் அல்லன். மட்டக்களப்பு மாவட்டத்தில் தொழிற்பயிற்சியும் டிப்ளோமாவும் வழங்கும் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. இதைத் தொழிலாகச் செய்பவர்கள் நான் எழுதுவதில் குறை காணலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கருமபீடத்துக்கு வந்து நிற்கும் மனிதர்களிடமிருந்து நேரில் அறிந்துகொண்டதை மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் பழைய தளம் கல்லூரியின் நிர்வாகக் கட்டமைப்பை அப்படியே ஒத்திருந்தது: ‘எம்மைப் பற்றி’, ‘நிர்வாகம்’, ‘கல்விப் பிரிவுகள்’, ‘அலகுகள்’, ‘செய்திகள்’. விடுதிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஒரு பிள்ளை, விடுதி எந்த உதவிப் பதிவாளரின் பொறுப்பில் இருக்கிறது என்பதை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே அதற்குரிய படிவத்தைக் கண்டுபிடிக்க முடியும். அது தவறு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே யார் யார் தளத்துக்கு வருகிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசி, ஆளுக்கொரு பிரிவு என்று முடிவெடுத்தோம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அனைவரும் கல்லூரிக்கு உள்ளே இருப்பவர்கள் என்பது அப்போது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

புதிய தளம் வந்து சில வாரங்களில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாயின. அந்த வாரத்தில் ஒரு காலை, மண்டூரிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். குருமண்வெளித் துறைக்குப் பாதையில் கடந்து (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பகுதியில் பாதை என்போம்), அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மூலை வெடித்த கைத்தொலைபேசி ஒன்றை என்னிடம் நீட்டினார். “தம்பி, இதில ‘மாணவர்’ எண்டு கிடக்கு. அமத்தினா பேரும் பாஸ்வேட்டும் கேக்குது. இவன் இன்னும் சேரவேயில்லயே, இவனுக்கு எங்க இருந்து பாஸ்வேட்?” என்று கேட்டார்.

திரையில் இருந்தது நான் செய்த உள்நுழைவுப் பக்கம். அது சரிவரவில்லை என்று கண்ட பிறகு அவர் ‘பெற்றோருக்கு’ என்பதையும் அழுத்திப் பார்த்திருக்கிறார். அங்கே அதிபரின் வாழ்த்துச் செய்தியும், முடிந்துபோன பெற்றோர் கூட்டம் ஒன்றின் திகதியும் இருந்தன. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை எந்தக் கற்கைநெறியில் சேரலாம், விண்ணப்ப முடிவு எப்போது, எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளோடு அவர் வந்திருந்தார். மூன்றுக்கும் எங்கள் தளத்தில் விடை இருந்தது. தகைமை ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் தனித்தனியாகக் கிடந்தது. முடிவுத் திகதி செய்திகளுக்குள் ஸ்கேன் செய்த ஓர் அறிவித்தலில் இருந்தது. கட்டணம் கைநூலின் பிடிஎஃப் கோப்புக்குள் புதைந்திருந்தது. ஒரு நாள் கூலியை இழந்து அவர் வாவியைக் கடந்து வந்ததற்கு அந்த மெனுவும் ஒரு காரணம் என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

மனிதர்கள் ஓர் அலுவலோடுதான் தளத்துக்கு வருகிறார்கள். ‘நான் யார்’ என்பதை முதலில் தீர்மானித்து, பிறகு அந்தப் பெயருள்ள கதவைத் தேடுமாறு அவர்களிடம் கேட்பது, அவர்கள் கேட்காத ஒரு கேள்விக்கு விடை சொல்லச் சொல்வதாகும். சேரப்போகும் பிள்ளை மாணவரா, இல்லையா? பகலில் வங்கியில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் எங்களிடம் படிப்பவர் எந்தக் கதவால் வருவது? கட்டார் நாட்டில் வேலை கிடைத்து, தன் சான்றிதழை உறுதிப்படுத்திக் கேட்கும் பழைய மாணவர் ஒருவர், ‘பழைய மாணவர்களுக்கு’ என்பதை அழுத்தினால் சங்கத்தின் ஒன்றுகூடல் படங்களைத்தான் காண்பார். பெயரளவில் அவர் சரியான இடத்தில் இருக்கிறார். அவருக்கு வேண்டியதோ வேறொரு மேசையில் இருக்கிறது.

அந்த அம்மா வந்து போன பிறகு, பொறுப்பானவர்களிடம் அனுமதி பெற்று, 2 வாரங்கள் கருமபீடத்தில் லிகிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர் கேட்டதை, அவர் கேட்ட அதே சொற்களில், ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். திருத்தி எழுதவில்லை, அது முக்கியம். ‘விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளும் இறுதித் திகதி’ என்று ஒருவரும் கேட்கவில்லை, ‘எப்ப மூடுது’ என்றே கேட்டார்கள். ‘என்விகியூ மட்டம் 4’ (தேசிய தொழில் தகைமையின் நான்காம் நிலை) என்று கேட்டு வந்தவர் மிகக் குறைவு. வயரிங் படிக்கலாமா, ஏசி திருத்தப் படிக்கலாமா என்று கேட்டவர்களே அதிகம். எங்கள் கற்கைநெறிப் பட்டியலோ முழுக்க மட்டங்களின்படி அடுக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கேட்டவற்றில் முன்னால் நின்றது இ.போ.ச. பஸ்ஸின் சீசன் பயணச்சீட்டுக்கான கடிதம். அதற்குத் தளத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

அந்தக் கொப்பியில் நான் எதிர்பாராத ஒருவரும் இருந்தார். களுவாஞ்சிக்குடிப் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் ஒருவர், அடுத்தடுத்து மூன்று நாட்கள் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பிள்ளைகள் எவரும் எங்களிடம் படிக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் படிவம் எடுத்து, நிரப்பி, போட்டோக்கொப்பி அடித்துக் கொடுப்பவர் அவர்தான். ஒரு மாலை அவருடைய கடைக்கே போனேன். கணினிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கோப்பு. அதில் எங்கள் கல்லூரியின் படிவங்கள், பிரதேச செயலகத்தின் படிவங்கள், வங்கிப் படிவங்கள் எல்லாம் மூலப் பிரதிகளாக இருந்தன. ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் சிவப்பு மையால் ஒரு திகதி எழுதியிருந்தார். “நீங்க படிவத்த மாத்துறீங்க, மாத்தினத்த சொல்றீங்க இல்ல. பழசில நிரப்பிக் குடுத்தா பிள்ளைய திருப்பி அனுப்புறீங்க. அதான் நான் எடுத்த நாள எழுதி வைக்கிற” என்றார். மாணவர், பெற்றோர், ஊழியர், பழைய மாணவர் என்ற நான்கிலும் அடங்காத ஒருவர் எங்கள் தளத்தை மற்றெவரையும்விட நெருக்கமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். இன்று எங்கள் தளத்தில் எல்லாப் படிவங்களும் ஒரே பக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல், ஒவ்வொன்றுக்குக் கீழும் கடைசியாக மாற்றிய திகதியோடு இருப்பதற்கு அவருடைய சிவப்பு மைதான் காரணம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். குழுவில் பேராசிரியர்களைச் சேர்ப்பதற்கு முன்னர் அவரைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்ததாக, கொப்பியில் இருந்த அலுவல்களை அட்டைத் துண்டுகளில் ஒவ்வொன்றாக எழுதி, ஏறாவூரிலிருந்து வரும் ஒரு மாணவி, ஒரு லிகிதர், ஒரு விரிவுரையாளர், அந்தக் கடைக்காரர், இன்னும் சிலர் என ஒவ்வொருவரிடமும் தனியாகக் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். இது இத்துறையில் பழைய முறை. செலவு ஒன்றும் இல்லை. விரிவுரையாளர் பிரிவுவாரியாக அடுக்கினார். மாணவியோ சீசன் கடிதம், வரவுச் சான்று, பரீட்சைக் கட்டணம், அடையாள அட்டை தொலைந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒன்றாக வைத்து, “இது எல்லாம் கந்தோர் அலுவல் சேர்” என்றார். எங்கள் நிர்வாகத்தில் அந்த நான்கும் மூன்று வெவ்வேறு மேசைகளில் இருக்கின்றன. மாணவி அடுக்கியபடியே மெனுவை அமைத்தேன்.

பெயர் வைப்பதில்தான் நீண்ட வாதம் நடந்தது. ‘நிர்வாகச் சேவைகள்’ என்று இருக்க வேண்டும் என்றனர் மேலிடத்தில்; ‘கந்தோர் அலுவல்’ கல்லூரியின் மதிப்புக்கு ஏற்றதல்ல என்றும் சொன்னார்கள். கடைசியில் ‘கடிதங்களும் படிவங்களும்’ என்று ஒப்புக்கொண்டோம். அதோடு ‘நான் எதில் சேரலாம்?’, ‘விண்ணப்பமும் கட்டணமும்’, ‘நேர அட்டவணையும் பரீட்சையும்’, ‘சான்றிதழ் பெற’, ‘விடுதியும் உதவித்தொகையும்’ என்றவை மேலே வந்தன. ‘நான் எதில் சேரலாம்?’ என்பதன் கீழ், சாதாரண தரம் எழுதியவர், கணிதத்தில் சித்தியடையாதவர், உயர்தரம் முடித்தவர், வேலையில் இருப்பவர் என்று நிலைமையைச் சொல்லித் தேடலாம். இங்கே மட்டும் ஆள்வாரியான பிரிப்பு உதவுகிறது. ஏனெனில் தன் பெறுபேறு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது, மனித மூளை அதற்கு மேல் தாங்காது என்று உங்களிடமும் யாராவது சொல்லக்கூடும். ஜார்ஜ் மில்லர் 1956 இல் எழுதிய உளவியல் கட்டுரை அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அந்தக் கட்டுரை, மனதில் சிறிது நேரம் வைத்திருக்கக்கூடியவற்றின் அளவைப் பற்றியது. மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அது கண்ணெதிரே இருக்கிறது. சொல் தெளிவாக இருந்தால் ஒன்பது இருந்தாலும் கண்டுபிடிப்பார்கள், தெளிவில்லாவிட்டால் நான்கும் குழப்பும். ஆனால் கைத்தொலைபேசியில் மெனுவை மூன்று கோடுகளுக்குள் ஒளித்து வைத்தால், அந்த மூன்று கோடுகள் என்னவென்று அறியாத பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். கோடுகளுக்குப் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதிவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். தமிழ்ப் பக்கத்தின் மெனுவை எவ்வளவு திருத்தினாலும், உள்ளே இருக்கும் அறிவித்தல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வந்தால் பாதி உழைப்பு வீணாகிவிடும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினி அதை ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருப்பதால், தேடற்பெட்டியில் ‘விடுதி’ என்று ஒருவர் தேடினால் அந்த அறிவித்தல் வராது. எழுத்துரு மாற்றும் வேலையைத் தவிர்க்க நினைத்துச் சிலர் அச்சடித்து, ஸ்கேன் செய்து, படமாகப் போடுகிறார்கள். அப்போது பார்வையற்ற மாணவர் ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோட் முறையில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் நான் எழுத்துரு மாற்றிப் பிழை திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. தட்டச்சு செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள், புதியதைக் கற்க நேரம் ஒதுக்கித் தரவில்லை.

மொழி மாற்றும் பொத்தானையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அம்பாறை மாவட்டத்திலிருந்து சிங்களம் பேசும் பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். விண்ணப்பப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் மொழியை மாற்றினால், அதே விண்ணப்பப் பக்கம் அவருடைய மொழியில் வர வேண்டும். எங்கள் தளத்தில் நெடுங்காலம் அது முகப்புப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. வந்த வழியை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. தமிழ் மெனுவில் ஐந்தும் ஆங்கில மெனுவில் ஒன்பதும் இருப்பதையும் அனுமதிக்காதீர்கள்.

பெரிய பல்கலைக்கழகங்கள் ஆள்வாரியாகப் பிரிக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். பிரிக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அது பிரதான மெனுவுக்குத் துணையாக, சிறிய எழுத்தில் மேலோரமாக இருக்கும், சேர விரும்புவோரையும் ஏற்கெனவே படிப்போரையும் வேறுபடுத்தியும் இருக்கும். ஊழியர்களுக்கு மட்டும் தனி இணைப்பு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. தாம் ஊழியர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இராது. தினமும் வருகிறவர்கள் என்பதால் அது எங்கே இருந்தாலும் பழகிக்கொள்வார்கள். முகப்பின் நல்ல இடத்தை, ஆண்டில் ஒரு தடவை பதற்றத்தோடு வருகிறவருக்கு விட்டுவையுங்கள்.

புதிய தளத்தால் கருமபீடத்தின் வரிசை முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேரில் கேட்டால்தான் மனம் ஆறும் என்பவர்கள் இன்றும் வருகிறார்கள். ஆனால் கடவுச்சொல் கேட்கிறது என்று தொலைபேசியை நீட்டுகிறவர்கள் இப்போது வருவதில்லை.

கடைசியாக ஒரு வேலை, எல்லோரும் மறப்பது. மெனுவை மாற்றும்போது பக்கங்களின் முகவரிகளும் மாறிவிடும். பழைய முகவரி ஒவ்வொன்றும் உரிய புதிய பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடுமாறு, தளத்தைத் திறப்பதற்கு முன்னரே அமைத்துவிடுங்கள். நான் அதைச் செய்தது 3 வாரம் பிந்தித்தான். அந்தக் கொமினிகேஷன் கடையின் சுவரில், எங்கள் விண்ணப்பப் பக்கத்தின் பழைய முகவரி அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒட்டியிருந்தது. அந்த 3 வாரமும் அதைப் பார்த்துத் தட்டியவர்களுக்கு வெற்றுப் பக்கமே கிடைத்திருக்கிறது.