சேற்றில் இறங்குமுன்: எண்ணூர் அலையாத்தி வேலை பற்றி கேள்வி பதில்

வடசென்னை எண்ணூர்க் கழிமுகத்தில், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக்கன்றுகளை நடும் குழுவுக்கு ஒன்பது வருடமாக மேஸ்திரியாக இருக்கிறேன். இந்த வருடம் சேர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, காலையில் எத்தனை மணிக்கு வரணும்? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்கும் நேரம், எப்போதோ அப்போது, தம்பி. அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்றைக்கு ஆறு மணிக்கு இறங்கினால் நாளைக்கு ஏழு மணிக்குக் கிட்டத்தில். நம் கடலில் அமாவாசை, பௌர்ணமியில்கூட வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் முட்டி வரை புதைந்து நிற்பவருக்கு அந்த ஒரு மீட்டர் நெஞ்சுக்கு வந்துவிடும். அதனால் ஒரு கழியை ஊன்றி அதில் கோடு போட்டு வைப்பேன். தண்ணீர் கோட்டைத் தொட்டால், பாதி வெட்டிய கால்வாயாக இருந்தாலும் விட்டுவிட்டு எல்லோரும் கரையேற வேண்டும்.

காசிமேட்டில் இருபது வருடம் மீன் கூடை தூக்கியவன். வயது 48, இடுப்பு வலி உண்டு. முடியுமா?

கால்வாய் வெட்ட வராதீர்கள் அண்ணா. மீன்முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள் வெட்டுகிறோம். கடல் தண்ணீர் வந்து வந்து போனால்தான் உப்பு தங்காமல் கன்று பிழைக்கும். வெட்டிய சேற்றைப் பாண்டில் அள்ளிக் கைமாற்றிக் கரைக்கு அனுப்ப வேண்டும். கூடை தூக்கிய உடம்புக்கு அந்தப் பாரம் பழகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கிறோமே, அதுதான் இடுப்பை உடைக்கும். நாற்றங்காலில் பை நிரப்பவும் கன்று பிரித்துக் கொடுக்கவும் நிதானமான கை தேவை. அதற்கு வாருங்கள்.

இன்னொன்று, காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். என் இரண்டாவது வருடத்தில் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தார். நான்கு பேர் சேர்ந்து அவரைக் கரைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. வெறும் வயிற்றோடு இறங்கியிருக்கிறார். அன்றைக்கு நான் அவரைக் கேட்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்ட பிறகுதான் இறக்குகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கேனில் வைத்திருப்போம்.

கம்பூட்ஸ் வாங்கட்டுமா?

வேண்டாம். கால் வெளியே வரும், பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். நாடா கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ போதும். சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், அதனால் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

மகளை அனுப்பலாமா? கழிப்பறை இருக்குமா? (திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா)

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. ஆரம்பத்தில் எதுவும் இல்லை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில் அது எவ்வளவு ஆபத்து! நீர்க்கடுப்போடுதான் வீட்டுக்குப் போவோம். அப்போதைய ஒப்பந்தக்காரரிடம் எத்தனையோ முறை கேட்டும் நடக்கவில்லை. இப்போது கரையில் தார்ப்பாய் மறைப்பும் தண்ணீர் டிரம்மும் வைத்த பிறகுதான் மண்வெட்டியை எடுக்கிறோம். மாதவிடாய் நாளில் கரை வேலை கேட்டால் காரணம் கேட்காமல் கொடுப்பேன், கூலியும் குறையாது. தைரியமாக அனுப்புங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்ததே, இப்போது இறங்கலாமா அக்கா?

அப்போது அலையாத்தியின் தண்டிலும், சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேரிலும் கறுப்பாக அப்பியிருந்ததை நேரில் பார்த்தேன். அதனால் தினமும் நான்தான் முதலில் இறங்குகிறேன். மூங்கில் கழியால் ஆழம் பார்ப்பேன், சேற்றைக் கிளறி முகர்ந்து பார்ப்பேன். தண்ணீர்மேல் மினுமினுப்போ எண்ணெய் நாற்றமோ இருந்தால் அந்தப் பக்கம் வேலை இல்லை. வேறு திட்டுக்குப் போவோம், அதுவும் இல்லை என்றால் நாற்றங்கால் வேலை. அப்புறம், இறங்கும்போது எண்ணிய தலைகளை ஏறும்போதும் எண்ணிவிட்டுத்தான் நான் கரையேறுவேன்.