மகன் செக் சொல்லும்போது

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 43. கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. இரண்டு வருடமாக 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஐந்து நிமிட செஸ் ஆடுகிறேன். சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க ஆட்ட முறை பற்றி எத்தனையோ வீடியோ பார்த்தாயிற்று. ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1200ஐத் தாண்டவில்லை. போன மாதத்திலிருந்து 11 வயது மகனிடமும் தோற்கிறேன். நாற்பதுக்குப் பிறகு மூளையில் ஒன்றும் ஏறாதோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூளையின் மேல் பழியைப் போடாதீர்கள், பாவம் அது. பம்பலப்பிட்டியில் டிரைவர் பிரேக் அடிக்கும்போது அரசியைப் பறிகொடுத்த ஆட்டங்கள் எத்தனை? ஐந்து நிமிடத்தில் புதிதாக எதையும் யோசிக்க முடியாது, கைப்பழக்கம்தான் ஆடும். அந்தப் பழக்கமே பிழை என்றால், இரண்டு வருடமாகப் பிழையைத்தான் பழகியிருக்கிறீர்கள்.

நானும் 38 வயதில்தான் ஒழுங்காக ஆடத் தொடங்கினேன். முதல் போட்டியில் எதிரே இருந்தது, கால் நிலத்தில் எட்டாத ஒரு சின்னப் பிள்ளை. 19ஆவது நகர்த்தலில் என் குதிரையைச் சும்மா வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள். நான் உடனே போய்த் தொடக்க நகர்த்தல்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். மடத்தனம். குதிரை போனது 19ஆவதில், புத்தகம் பேசியதோ முதல் பன்னிரண்டைப் பற்றி. உங்கள் சிசிலியனும் அப்படித்தான்.

1973இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி, மறைத்து, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர், கற்றுக்குட்டியைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துபோனது. ஆக, அது பிறவி ஞாபகசக்தி இல்லை, பார்த்துப் பார்த்துச் சேர்த்த வடிவங்கள். மகன் உங்களைவிட வேகமாகச் சேர்ப்பான், உண்மைதான். அதற்காக உங்களுக்குச் சேராது என்றில்லை.

வாரத்தில் இரண்டு ஆட்டம் போதும், ஆளுக்கு 30 நிமிடம் வைத்து. காயைத் தொடுமுன், எதிராளி அடுத்து எங்கே செக் சொல்வார், எதை வெட்டுவார் என்று பாருங்கள். தோற்றால், கணினியிடம் கேட்குமுன் எங்கே சறுக்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் கொப்பியில் பாதிக்கு மேல் ஒரே வரிதான் இருக்கிறது: "காவல் இல்லாத காயைப் பார்க்கவில்லை."

முடிவாட்டத்தில், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், இரண்டு மூன்று நிலைகளைக் கட்டாயம் படியுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு கோட்டை (நீங்கள் தினமும் இறங்கும் கோட்டை இல்லை!), எதிராளிக்கு மட்டும் ஒரு காலாள் கூட என்று வையுங்கள். உங்கள் அரசன் அந்தக் காலாளின் பாதையை மறித்து நிற்க, கோட்டையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்துக் காத்திருங்கள். எதிரி அரசன் அந்த வரிசைக்குள் வர முடியாது. காலாள் அங்கே வந்துவிட்டால் கோட்டையைப் பலகையின் மறுகோடிக்கு ஓட்டி, பின்னாலிருந்து செக் சொல்லிக்கொண்டே இருங்கள். ஆட்டம் சமன். பிலிடோர் என்ற பிரெஞ்சு செஸ் ஆட்டக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வித்தை இது. தோற்கவேண்டிய ஆட்டத்தில் எனக்கு இது அரைப் புள்ளி வாங்கித் தந்திருக்கிறது.

அப்புறம், மகன். வீட்டிலேயே இப்படி ஒரு எதிராளி கிடைப்பது லேசில்லை. ஆட்டம் முடிந்ததும் பலகையை மூடாமல், "எந்த இடத்திலயடா அப்பாவைப் பிடிச்சாய்?" என்று கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவான். காட்டிக் காட்டி அவனும் இன்னும் தேறுவான், கொஞ்சக் காலம் இன்னும் மோசமாகத் தோற்பீர்கள். சரி, போகட்டும்.

பஸ்ஸில் ஆடாமல் புதிர் போடுங்கள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். கடைசி நகர்த்தல் வரை மனதில் தெரியாமல் திரையைத் தொடக்கூடாது. வெள்ளவத்தையில் திறந்த புதிர் கொள்ளுப்பிட்டி தாண்டியும் முடியவில்லை என்றால், அன்றைக்கு அந்த ஒன்றே போதும்.