டிசம்பர் பூ ஏன் பூக்கவில்லை?

கேள்வி: எங்கள் கிணற்றடியில் ஊதா டிசம்பர் பூச்செடி இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. இலையெல்லாம் பச்சைப்பசேல். ஆனால் போன மார்கழியில் தலைக்கு வைக்கும் அளவுக்குக்கூடப் பூக்கவில்லை. மாதாமாதம் எருவும் கொஞ்சம் யூரியாவும் போடுகிறேன். ஆயுத பூஜை சமயத்தில் அழகாகக் கத்தரித்தும் விட்டேன். இன்னும் என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இன்னும் செய்ய ஒன்றுமில்லை அம்மா, செய்வதில் பாதியை நிறுத்தினாலே பூக்கும். ஆயுத பூஜைக்குக் கத்தரித்தீர்களே, பூ அப்போதே போய்விட்டது. இந்தச் செடி மொட்டு வைப்பது கிளை நுனியிலும் அதை ஒட்டிய கணுக்களிலும்தான். புரட்டாசி, ஐப்பசியில் அந்த நுனியை வெட்டிவிட்டால் மார்கழிக்குள் புதுக்கிளை தயாராகாது.

வெட்டுவதற்குச் சரியான மாதம் மாசி. பூ ஓய்ந்திருக்கும். தரையிலிருந்து ஒரு அடி விட்டு, மனசு கேட்காவிட்டாலும் துணிந்து வெட்டுங்கள். கோடையில் துளிர்த்துவிடும். வைகாசி, ஆனியில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஆடி பிறந்ததும் கத்தரிக்கோலைப் பரணில் போட்டுவிடுங்கள்.

யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும். மாசியில் வெட்டிய கையோடு மக்கிய எரு ஒரு கூடை, ஆடியில் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்.

கிணற்றடி என்கிறீர்கள், வெயில் விழுகிறதா? நாலைந்து மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் பூ குறையும். தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும். அதற்காகப் பழைய செடியைப் பிடுங்க வேண்டாம். மாசியில் வெட்டிய குச்சிகளில் பென்சில் பருமனில் உள்ளதை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றுங்கள். வேர்விட்டபின் வெயிலுக்கு மாற்றலாம். மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.

வாசனை இல்லாத பூவுக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கனகாம்பரத்துக்கு மட்டும் வாசனை இருக்கிறதா என்ன? இரண்டும் ஒரே குடும்பம்தான். கோடு போட்ட ரகத்துக்கு இப்போது மவுசு அதிகம், என் ஓட்டு சுத்த ஊதாவுக்கே.

அப்புறம், பறிக்கும்போது கொத்தோடு கிள்ளாதீர்கள். விரிந்த பூவை மட்டும் மெதுவாக உருவுங்கள். அடுத்தடுத்த நாள் பூக்க வேண்டிய மொட்டெல்லாம் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது.