டேட்டாபேஸ் தகராறுகள்: ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்

வந்த கேள்விகளில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களைப் பற்றியவைதான் அதிகம். அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, தினமும் சாயங்காலம் ஆனால் கனெக்ஷன் தீர்ந்துவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் எரர் கொடுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் என்ற வரம்பான மேக்ஸ்_கனெக்ஷன்ஸை 1000 ஆக்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. ரீஸ்டார்ட் செய்த உடனே யார் எதைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற தடயமெல்லாம் அழிந்துபோகிறது, அதனால்தான் மறுநாளும் அதே பிரச்சினை வந்து நிற்கிறது. அடுத்த முறை எரர் வந்ததும், இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள் (சாதாரண பயனர்கள் நுழைய முடியாவிட்டாலும் முழு அதிகாரம் உள்ள சூப்பர்யூசருக்கென்று 3 இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள்). ஸ்டேட் என்ற பத்தியில் (டேபிளின் நெடுவரிசை) "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" (டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு சும்மா இருப்பது) என்று வரிசையாக வந்தால் குற்றவாளி உங்கள் அப்ளிகேஷன்தான். டிரான்சாக்ஷனைத் (ஒன்றாக முடிய வேண்டிய வேலைகளின் தொகுப்பு) திறந்து, ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு, கமிட் பண்ணாமலேயே (முடித்து உறுதி செய்யாமலேயே) பேமெண்ட் கேட்வேயின் பதிலுக்கோ எஸ்எம்எஸ் போவதற்கோ காத்திருக்கும். அந்த வரியின் லாக்குக்காகப் (பூட்டு) பின்னால் வருபவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இயல்பான வரம்பான 100 எப்படி முடிந்தது என்றே தெரியாது. போதாததற்கு, அது திறந்திருக்கும்வரை செத்த வரிகளை (யாருக்கும் தேவைப்படாத பழைய வரிகளை) துப்புரவு வேலை செய்யும் வேக்யூமாலும் அகற்ற முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும்.

1000 ஆக்கினால் காத்திருக்கும் கூட்டம்தான் பெரிதாகும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி பிராசஸ், மெமரி அதற்கே போய்விடும். சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள், சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷனைத் துண்டிக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை 5 நிமிடம் என்று போடுங்கள். அப்புறம் டெவலப்பரோடு உட்கார்ந்து, வெளி சர்வீஸைக் கூப்பிடும் கோட் வரியை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள், நிரந்தரத் தீர்வு அதுதான்.

கேள்வி: வேகமாகத் தேட இன்டெக்ஸ் போட்டும் ரிப்போர்ட் நத்தை வேகத்தில்தான் வருகிறது.

நீங்கள் அனுப்பிய குவெரியைப் பார்த்தேன். எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில் தேதிப் பத்தியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறீர்கள். இன்டெக்ஸில் இருப்பது பத்தியின் மதிப்பு, ஃபங்ஷன் கொடுக்கும் மதிப்பு அல்ல, அதனால் அது பயன்படாது. "இந்த நாள் தொடக்கத்திலிருந்து, மறுநாள் தொடக்கத்துக்கு முன்வரை" என்று வரம்பாக எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இன்னொன்று: வார்கேராக (எழுத்து வகையாக) உள்ள மொபைல் எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகத் தேடினாலும் இன்டெக்ஸ் வேலைக்கு ஆகாது. குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தால் இரண்டுமே தெரிந்துவிடும்.

கேள்வி: பிஜி_வால் ஃபோல்டர் டிஸ்க் முழுவதையும் தின்றுவிட்டது. பழைய ஃபைல்களை அழிக்கலாமா சகோ?

கையால் ஒரு ஃபைலைக்கூட அழிக்காதீர்கள். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும் அங்கேதான் இருக்கிறது. முன்பு இந்த ஃபோல்டரின் பெயர் பிஜி_எக்ஸ்லாக், வெறும் லாக்தானே (பதிவேடுதானே) என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸைப் பாருங்கள். எந்த ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வருக்கு) எதுவரை ஃபைல் வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்புதான் ஸ்லாட். ரெப்ளிகா சர்வரை எப்போதோ எடுத்திருப்பார்கள், அதன் ஸ்லாட் மட்டும் ஆக்டிவ் இல்லாமல் கிடக்கும், திரும்பி வராத அந்த சர்வருக்காக எல்லா ஃபைலும் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த ரெப்ளிகா இனி வேண்டாம் என்று உறுதி செய்துகொண்டு ஸ்லாட்டை டிராப் செய்தால், அடுத்த செக்பாயிண்டில் (மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டத்தில்) போஸ்ட்கிரெஸே சுத்தம் செய்துவிடும். ஸ்லாட்டில் ஒன்றும் இல்லையென்றால் இந்த ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் ஆர்கைவ்_கமாண்ட் தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கல்லூரி சாஃப்ட்வேரில் மாணவர்களின் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன, மேடம். மைஎஸ்க்யூஎல்.

இம்போர்ட்டை முதலில் நிறுத்துங்கள். உள்ளே சேமித்திருக்கும் பைட்களைக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் ஒரு பெயரைப் பாருங்கள். 3எஃப் 3எஃப் (3F3F) என்று வந்தால் உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான், அந்தப் பெயர் போய்விட்டது, விண்ணப்பத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். இ0ஏஇ (E0AE) என்று தொடங்கினால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, கனெக்ஷனின் கேரக்டர் செட்டை (எழுத்துகளை பைட்களாக்கும் முறையை) மட்டும் மாற்றினால் போதும். டேபிளுக்கு யுடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய யுடிஎஃப்8இல் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் இடம். தமிழுக்கு அது போதும், யாராவது இமோஜி போட்டால் 4 பைட் வேண்டும், அங்கே உடையும். ஒரு பிள்ளையின் பெயர் சான்றிதழில் தப்பாக அச்சாவது சின்ன விஷயம் இல்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தினசரி பேக்கப் ஓடுகிறது. அது போதும்தானே?

அந்த பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து (டேட்டாவை மீட்டு) பார்த்தீர்களா? 2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமிக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார்கள், சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் இல்லை: போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6, பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் 9.2, பதிப்பு ஒத்துவராமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக எடுத்திருந்த 6 மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வாரம் ஒருமுறை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்யும் ஸ்கிரிப்ட் போடுங்கள். முக்கியமான டேபிள்களில் கடைசியாகப் பதிவான தேதி என்ன, ரீஸ்டோர் முடிய எவ்வளவு நேரம் ஆனது, இரண்டையும் எழுதி வையுங்கள். மேனேஜர் "எப்போது திரும்ப வரும்?" என்று கேட்கும்போது அந்த எண்தான் தேவைப்படும்.