திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? 1 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு ஆகுமா?

நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு ரோட்டில் போகும் தூரத்தைவிடக் குறைவு. வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள்: பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே போய், அதிராம்பட்டினம் பக்கம் கடலைத் தொடும். அதுவே கிட்டத்தட்ட பாதி வழி. மீதி பாக் நீரிணை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி நேரம் முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை. இங்கே நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரைக்குமான கணக்கு அது. இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த விமானம். உயரத்தில் மணிக்கு 500 கி.மீ. வரை போகும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருவது எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாது. அதனால்தான் 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான திருச்சி – சென்னைக்கும் ஏறக்குறைய இதே நேரம் போடுகிறார்கள். 355 கி.மீ. உள்ள சென்னை – யாழ்ப்பாணம் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம் என்பதால் நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை.

இண்டிகோ இந்தச் சேவையைத் தொடங்கியது 2025 மார்ச் 30 அன்று. என் மனைவியின் சொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள். முன்பெல்லாம் திருச்சியிலிருந்து கொழும்பில் போய் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. பஸ்ஸில் வடக்கே திரும்பி வர வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு ஒரு பகலும் இரவும் போய்விடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் இந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். இத்தனைக்கும் இது புதிய வழியும் இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் அப்போதைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறை வழியாகத்தான் மெட்ராஸுக்கு வந்தது.

வீட்டிலிருந்து வீடு என்று கணக்குப் போட்டால், வெளிநாட்டுப் பயணம் என்பதால் திருச்சியில் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் இருங்கள். விமான நிலையம் பலாலியில் இருக்கிறது. குடியேற்றம், சுங்கம் முடித்து வெளியே வந்து, பலாலி வீதியில் யாழ் நகருக்குப் போக இன்னும் 17 கி.மீ. போல இருக்கும். ஆக, ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் போகலாம்.

விமானத்தில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். இறக்கை மேலே இருப்பதால் அது கீழே உள்ள காட்சியை மறைக்காது. போகும்போது வலது பக்கம் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் காரைநகர், ஊர்காவற்றுறைத் தீவுகள் அந்தப் பக்கம்தான் வரும்.